ஓடாத மெஷினின் சத்தம்

"இதுதான் சார், அவரைக் கொன்ன மெஷின்" என்றார் மேனேஜர். துக்கமான குரல்தான். ஆனாலும் புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவரின் பெருமை அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஹாலின் கடைசியில், ஆளுயர மரத் தடுப்புக்குப் பின்னால், ஒரு குட்டி பஸ் அளவுக்குப் பச்சை நிறத்தில் கிடந்தது அது. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, அச்சில் அழுத்தி, செல்போனின் முதுகை வார்த்துத் தள்ளும் மோல்டிங் மெஷின். சுற்றிலும் சிவப்பு நாடா. பின்சுவர் முழுக்கத் தகரம். அதன்மேல் பெரிய எழுத்தில் கம்பெனியின் விளம்பர வாசகம்: 'நம்ம மண், நம்ம கை, நம்ம போன்.'

மாஜி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஜி போலீஸ், மாஜி காப்பீட்டு விசாரணையாளர், மாஜி கணவர், சிகரெட் விஷயத்திலும் மாஜி. அதனால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. காப்பீட்டுக் கம்பெனியின் பழைய அடையாள அட்டை இன்னும் அவர் பையில் இருந்தது. அதைக் காட்டித்தான் உள்ளே நுழைந்திருந்தார்கள்.

"எப்படி நடந்துச்சு?"

"பின்பக்கம் ஏதோ ஒயர் லூசா இருந்திருக்கு. சூப்பர்வைசர் தொட்டிருக்காரு. தூக்கி அடிச்சிடுச்சு. எங்க குடும்பத்துல ஒருத்தர் போன மாதிரி சார்."

"உங்க குடும்பத்துல இதுவரைக்கும் எத்தனை பேர் இப்படிப் போயிருக்காங்க?" என்றாள் சுருட்டை.

மாஜியின் உதவியாளர் அவள். அந்தப் பெயர் தலைமுடியால் வந்தது. வாயால் வந்திருந்தால் வெளியே சொல்ல முடியாத பெயராக இருந்திருக்கும்.

மேனேஜர் முறைத்தார். "அவ அப்படித்தான்" என்று மாஜி சமாதானம் சொன்னார். "புள்ளிவிவரம்னா அவளுக்கு உயிர். மெஷினை ஒருதரம் ஓட்டிக் காட்ட முடியுமா?"

"ஐயோ, விபத்துக்கப்புறம் யாரும் தொடறதில்லை சார். அதுவரைக்கும் நிக்காம ஓடிட்டிருந்துச்சு. ஒரு திருகாணிகூட நாங்க வெளிநாட்டுலேருந்து வரவழைக்கறதில்லை. எல்லாம் இங்கேயே, நம்ம ஆளுங்க கையாலேயே."

மாஜியின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்து மெஷினுக்கு அடியில் உருண்டது. அவர் பேனா நழுவினால் சுருட்டை தரையில் படுக்க வேண்டும். அது அவர்களுக்குள் பழைய ஏற்பாடு.

படுத்தாள். மெஷினின் முதுகிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு கேபிள் இறங்கியது. இறங்கியதே தவிர எங்கேயும் போகவில்லை. கடையில் கட்டிக்கொடுத்த மாதிரியே வளையமாகச் சுருண்டு கிடந்தது. செம்பு முனையில் மாட்டிய பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படவில்லை. மூடிக்கும் சுவருக்கும் நடுவே கெட்டியாக ஒரு சிலந்தி வலை.

"பேனா கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். கூடவே ஒரு சிலந்தியும் கிடைச்சுது. ரொம்ப நாளா இங்கதான் குடித்தனம்போல. அதுக்கு ஷாக்கே அடிக்கலை."

மேனேஜரின் முகத்தில் எதுவும் மாறுவதற்குள் மாஜி அவர் தோளில் கை போட்டு, கம்பெனியின் சாதனைகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். சுருட்டை பாத்ரூம் எங்கே என்று கேட்டாள்.

பாத்ரூமுக்குப் போகிற வழியில் நீளமான மேஜைகள் இருந்தன. தொப்பி போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் பற்றவைக்கிற கருவி இருந்தது. அதன் முனை புதுக் காசுபோல மின்னியது. ஈயம் உருகுகிற வாசனை மருந்துக்குக்கூட இல்லை. யார் கையிலும் ஒரு சூட்டுத் தழும்பு இல்லை. ஆனால் எல்லோருக்கும் வலது கட்டைவிரல் நகம் சதையோடு தேய்ந்துபோயிருந்தது.

அரைகுறையாகத் திறந்திருந்த ஒரு டிராயருக்குள் ஹேர் டிரையர் தெரிந்தது. அடுத்ததிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

"ஏன்க்கா, இந்த முடியோட மல்லுக்கட்ட எங்க வீட்டுல ஒண்ணுதான் இருக்கு. தலைக்குத் தொப்பியும் போட்டுக்கிட்டு உங்களுக்கு ஆளுக்கொண்ணா?" என்றாள் சுருட்டை.

அந்தப் பெண் டிராயரை முழங்காலால் தள்ளி மூடினாள். "எங்களை எதுவும் கேக்காதீங்க" என்றாள் மூச்சுக்குள்.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சூடு காட்டினால் பசை இளகும். நகத்தால் சுரண்டினால் ஸ்டிக்கர் வந்துவிடும். வெளிநாட்டுப் பெயர் இருந்த இடத்தில் 'நம்ம கை' ஒட்டிக்கொள்ளும். கைகளைப் பொறுத்தவரை விளம்பரம் பொய் சொல்லவில்லை.

பாத்ரூம் கதவு தகரம். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க சுருட்டை அதை மூன்று தட்டுத் தட்டினாள்.

அவளுக்குப் பின்னால் ஹாலில் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். அத்தனை தொப்பிகளும் நிமிர்ந்திருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசி மேஜையில் ஒரு பெண் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளுடைய தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அழுகை நின்றது.

'ஒரு கதவைத் தட்டினதுக்கா இவ்வளவு?' என்று யோசித்துக்கொண்டே சுருட்டை பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் தலையணை அளவில் வெள்ளைப் பைகள் குவிந்திருந்தன. கப்பலில் வரும் சரக்குப் பெட்டிக்குள் கடல் ஈரத்தை உறிஞ்சுவதற்காகத் தொங்கவிடும் பைகள். பக்கத்து அறையில் செய்த சாமானுக்கு எதற்குக் கடல் ஈரம்?

தகரச் சுவரை ஒட்டித் தரையில் நீளமாக ஒரு செவ்வகம். அதற்குள் மட்டும் தூசி இல்லை. நாலு மூலையிலும் துருக்கறை. லாரி நீளத்துக்கு ஏதோ ஒன்று வெகுநாள் நின்றிருக்கிறது. சமீபத்தில்தான் நகர்ந்திருக்கிறது.

காரில் ஏறி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "சார், அந்தக் கம்பெனியில உள்நாட்டுலயே தயாரானது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொணம்" என்றாள்.

மாஜி சிரிக்கவில்லை. பின்சீட்டில் கிடந்த பிளாஸ்டிக் பையைத் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் சூப்பர்வைசரின் மனைவி கொண்டுவந்த சட்டை அதில் இருந்தது. அழுது தீர்த்த முகத்தோடு வந்தாள். "ஷாக் அடிச்சு செத்தவரோட சட்டை எப்படிங்க இப்படித் தொப்பலா நனையும்? காஞ்சப்புறம் பாருங்க, வெள்ளை வெள்ளையா உப்பு. ஏசி ஹால்ல வேலை பார்க்கிற மனுஷனுக்கு இவ்வளவு வேர்வை எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். அவளுடைய தம்பிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, பின்வாசல் காவல். சூப்பர்வைசர்தான் அவனைச் சேர்த்துவிட்டார். "அவர் உடம்பைத் தூக்கிட்டு வந்ததே என் தம்பிதான். கம்பெனிக்காரங்களும் நல்லவங்கதான். அவர் பார்த்த வேலையை இப்ப தம்பிக்கே குடுத்திருக்காங்க" என்று கடைசியில் சொன்னாள்.

"நான் சொல்றேன் சார்" என்றாள் சுருட்டை. "சூப்பர்வைசர் நேர்மையான ஆளு. ஸ்டிக்கர் விஷயத்தை வெளியே சொல்லப் போயிருக்காரு. போட்டுத் தள்ளிட்டு மெஷின்மேல பழியைப் போட்டுட்டாங்க."

"பழி போட வேற எதுவுமா கிடைக்கலை? மாடிப்படியில தவறி விழுந்தாருன்னு சொல்லலாம். மாரடைப்புன்னு சொல்லலாம். கரண்டே இல்லாத மெஷின்மேல எவனாவது ஷாக் கேஸ் போடுவானா?" மாஜி வண்டியைக் கிளப்பினார். "போட்டிருக்கான்னா ஒரே காரணம்தான். அந்த மெஷின் ஓடுதுன்னு யாரோ பெரிய ஆள் ஏற்கனவே நம்பியிருக்கான். அவன் சாட்சி சொல்லுவான்கிற தைரியம்."

அந்தப் பெரிய ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. உள்நாட்டுத் தயாரிப்புதான் என்று சான்று கொடுக்கும் அதிகாரி, மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜையில் 'நம்ம போன்' ஒன்று உறைகூடப் பிரிக்காமல் பளபளத்தது.

"அந்த மெஷின் ஓடவே இல்லைன்னு ஒரு பேச்சு அடிபடுதுங்க" என்று மாஜி பணிவாக ஆரம்பித்தார். "உங்க சான்றுமேலயே சந்தேகப்படறாங்க."

அதிகாரிக்குச் சுருக்கென்று ஏறியது. "எவன் சொன்னது? நான் பேப்பரைப் பார்த்துக் கையெழுத்துப் போடற ஆள் இல்லை. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய் நிப்பேன். அன்னைக்கும் அப்படித்தான் போனேன். மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு."

"மெஷினைப் பார்த்தீங்களா?"

"தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னேன். ஓடும்போது கிட்ட போனா ஆபத்துன்னாங்க. ஆனா சத்தத்தைக் கேட்டேன். இந்தக் காதால கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

அதிகாரி விரல் முட்டியால் மேஜையைத் தட்டிக் காட்டினார். டம். டம். டம்டம்டம். "பின்பக்கத்துலேருந்து வந்துச்சு. என்னய்யா சத்தம்னு நான்தான் கேட்டேன். மேனேஜர் ஒரு நிமிஷம் முழிச்சாரு. அப்புறம், மோல்டிங் மெஷின் சார், ஓடிட்டிருக்குன்னாரு. எனக்கே சந்தோஷமாப் போச்சு. நம்ம நாட்டுலயும் இப்படி மெஷின் ஓடுதேன்னு."

"ஒரே சீரா ஓடுச்சா?"

"சீரா இல்லை. விட்டு விட்டு. நடுவுல ஒரு தரம் பயங்கர வேகம். அப்புறம் மெதுவாயிடுச்சு. கடைசியில நின்னே போச்சு. புது மெஷின், இன்னும் பழகலை போலன்னு நினைச்சேன்."

சுருட்டையின் நாக்கு நுனியில் புது மருமகளையும் புது மெஷினையும் வைத்து ஒரு ஜோக் தயாராக இருந்தது. தகரக் கதவும், நிமிர்ந்த தொப்பிகளும், காதைப் பொத்திய அந்தப் பெண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்தார்கள். ஜோக் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"நீங்க போனது எந்த நாள் சார்?" என்று கேட்டாள்.

"அந்த சூப்பர்வைசர் செத்தாரே, அன்னைக்குத்தான். பாவம். நான் கிளம்பினப்புறம் நடந்திருக்கு."

மாஜி எழுந்தார். "அந்த மெஷினுக்குக் கரண்ட் கனெக்‌ஷனே கிடையாது சார். என்னைக்குமே இருந்ததில்லை. அந்தச் சுவருக்கு வெளியே ஒரு சரக்குப் பெட்டி நின்னுச்சு, கப்பல்ல வந்த இரும்புப் பெட்டி. அன்னைக்கு வெயில் எப்படி அடிச்சுச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

அதிகாரியின் முட்டி இன்னும் மேஜைமேலேயே இருந்தது. அதை அவர் மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டார். "நான் எந்தச் சத்தமும் கேக்கலை" என்றார்.

"இப்பத்தான் இந்தக் காதாலன்னு சொன்னீங்க?"

"ஹால்ல ஒரே இரைச்சல். எனக்கு எதுவும் கேக்கலை. நீங்க போகலாம்."

"கேட்டீங்கன்னா, ஒரு மனுஷன் சாகற சத்தத்துக்குச் சான்று குடுத்திருக்கீங்க. கேக்கலைன்னா, எதையுமே கேக்காம சான்று குடுத்திருக்கீங்க. எது சௌகரியம்னு யோசிச்சு வைங்க. கோர்ட்டுல கேப்பாங்க."

லிஃப்டில் இறங்கினார்கள். மாஜி விளக்கினார். "மேனேஜர் வாயில வந்ததை உளறிட்டான். மெஷின் ஓடுதுன்னு அதிகாரி நம்பிட்டாரு. பெட்டியில செத்தாருன்னு சொன்னா, பெட்டி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. அதான் பொணத்தை அந்த மெஷின்கிட்டயே கொண்டுபோய்ப் போட்டுட்டான்."

"பெட்டியைப் பூட்டினது யாரு சார்?"

"பின்வாசல் சாவி யார்கிட்ட இருந்துச்சோ அவன்."

சூப்பர்வைசரின் வீட்டில் அவர்கள் நுழைந்தபோது, அவர் மனைவி வாசல் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். மாலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறான். கழுத்தில் புது அட்டை தொங்கியது: சூப்பர்வைசர்.

மாஜி அவன் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெட்டிக்குள்ள உன் மாமா இருக்கிறது உனக்கு எப்பத் தெரியும்?"

ஷூ அவன் கையிலிருந்து நழுவவில்லை. பாலிஷ் போடுவதைக்கூட அவன் நிறுத்தவில்லை. பிரஷ் அதே இடத்தில் போய்ப்போய் வந்தது. சுருட்டைக்கு அதுதான் பயமாக இருந்தது.

"பூட்டும்போது தெரியாது சார்" என்றான். "அதிகாரி வாசல் கேட் கிட்ட வந்துட்டாருன்னு மேனேஜர் கத்தினாரு. பிரிச்ச அட்டைப்பெட்டி எல்லாம் ஹால்ல கிடந்துச்சு. எல்லாரும் அள்ளி அள்ளி அந்த இரும்புப் பெட்டிக்குள்ள போட்டோம். மாமாதான் உள்ள நின்னு அடுக்கிட்டிருந்தாரு. இந்தப் பக்கமா இறங்கிட்டாருன்னு நினைச்சுப் பூட்டிட்டேன்."

"உன் மாமா இதையெல்லாம் எதிர்த்தாரா?" என்றாள் சுருட்டை.

"எதிர்க்கிறதா? ஹேர் டிரையர் யோசனையே அவரோடதுதான். அதுக்குத்தான் அவரை சூப்பர்வைசரா ஆக்கினாங்க."

வாசல் அறையில் துணி மடிக்கும் சத்தம் நின்றிருந்தது. சுருட்டை கவனித்தாள். அவன் கவனிக்கவில்லை.

"அப்புறம் தட்டினாரு. ஓடிப்போய் மேனேஜர் காதுல சொன்னேன். இப்பத் திறந்தா மொத்தச் சரக்கும் அதிகாரி கண்ணுல படும், நாளைக்கு இந்த லைன்ல ஒருத்திக்கும் வேலை இருக்காது, உனக்கும் இருக்காது, கொஞ்ச நேரம்தானேன்னாரு. லைன்ல எல்லாருக்கும் கேட்டுச்சு சார். யாரும் எந்திரிக்கலை. பத்தவைக்கிற மாதிரி நடிக்கச் சொன்னாங்க, நடிச்சாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"பெட்டிகிட்டப் போனேன். அவரு தட்டின தட்டுல கதவே ஆடுச்சு. மாப்ளே, திறடா, மூச்சு முட்டுதுடான்னாரு." பிரஷ் இப்போது நின்றது. "அதிகாரி இன்னும் போகலை மாமா, சத்தம் போடாதீங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

கேட்டது மாஜி இல்லை. அக்கா. கதவருகில் நின்றிருந்தாள், மடித்த துண்டு ஒன்று கையில்.

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சரின்னாருக்கா."

"சரின்னாரா?"

"சரி மாப்ளேன்னாரு. அப்புறம் தட்டவே இல்லை. அதிகாரியை ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போய் உட்காரவெச்சுட்டாங்க. அவர் கிளம்பவே இல்லை. நான் சாவியைக் கையிலேயே வெச்சிருந்தேன்க்கா. சத்தியமா கையிலேயேதான் வெச்சிருந்தேன்."

அப்படியானால் சத்தம் நின்றது உயிர் போனதால் இல்லை. வேகமாகத் தட்டிக்கொண்டிருந்த கை, கம்பெனி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தானாகவே தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. இருட்டில், வெந்துகொண்டிருந்த இரும்புக்குள் அந்த ஆள் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. காலையில் சுருட்டை அவரை நேர்மையான ஆள் என்று தீர்மானித்திருந்தாள். நேர்மையானவராக இருந்திருந்தால் கத்தியிருப்பார். பிழைத்திருப்பார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே வாங்க" என்றாள் அக்கா, வந்த விருந்தாளிகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில்.

அவர்கள் வெளியே வந்தார்கள். தம்பியும் எழுந்தான். "அக்கா, நான் வேணும்னு..."

"கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்.

முதலில் உள்ளே சத்தமே இல்லை. பிறகு, "அக்கா?" பிறகு விரலால் இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கையால். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, மேலே ஒரு சின்ன ஓட்டை மட்டும்தான். அக்கா கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மாஜி வாசலுக்குப் போய்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். சுருட்டை தாழ்ப்பாளைப் பார்த்தாள். எட்டி ஒரு கையால் தள்ளினால் போதும், திறந்துவிடும். உள்ளே இருந்தவன் இப்போது இரண்டு முஷ்டியாலும் குத்திக்கொண்டிருந்தான். 'திறக்கா, பயமா இருக்குக்கா' என்கிற குரல் சின்னப் பையனுடையதாக மாறியிருந்தது. அவன் அப்படி அழுத காலத்தில் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் இவளாகத்தான் இருக்கும்.

"திறந்துடலாமேம்மா" என்றாள் சுருட்டை. சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

"உங்களுக்கு வேணும்னா திறங்க."

சுருட்டை நகரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு தட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திறக்காததற்கு ஒரு காரணம் தேடிப் பார்த்தாள், எதுவும் கிடைக்கவில்லை. அந்த லைனில் உட்கார்ந்திருந்தவர்களுக்காவது வேலை போய்விடும் என்கிற பயம் இருந்தது.

ஜீப் வந்து நின்றபோது தட்டுகிற சத்தம் ஓய்ந்திருந்தது. அக்காவே எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். அவன் கதவோடு சரிந்து வெளியே விழுந்தான். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அக்கா குனிந்து, அவன் கழுத்திலிருந்த அட்டையை நிதானமாகக் கழற்றி எடுத்தாள்.

"மேனேஜர் சொன்னது, அதிகாரி கேட்டது, லைன்ல இருந்தவங்க கேட்டது, நீ கேட்டது. ஒண்ணு விடாம இவங்ககிட்டச் சொல்லணும். உன்னையும் சேர்த்து உள்ள போடுவாங்க. ரொம்ப வருஷம் ஆகும். நான் வந்து பார்க்க மாட்டேன். சொல்லுவியா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"வாயைத் திறந்து சொல்லு."

"சரிக்கா" என்றான்.